பகவதி மைனி மஞ்சள் தேய்த்த பாட்டு

பினாங்கில் எதைப் பத்திரமாக எடுத்து வைத்தாலும் அதன்மேல் பூஞ்சணம் பூத்துவிடுகிறது. என் வீட்டுக்காரரின் இடுப்பு வாரில் பச்சைப் பூஞ்சணம், செருப்பில் வெள்ளைப் பூஞ்சணம். ஊரிலிருந்து கொண்டுவந்த அப்பளம் எண்ணெயைப் பார்க்கும் முன்பே ஈரத்துணி போலத் துவண்டுவிட்டது. நாஞ்சில் நாட்டில் மழையும் வெயிலும் ஒன்றுக்கொன்று வழிவிட்டு வரும். இங்கே இரண்டும் ஒரே வாசலில் நின்று முண்டுகின்றன. அதனால் கவலைப்படுகிற சுபாவம் உள்ளவர்கள் காலையில் கொஞ்சம் வெயில் எட்டிப்பார்த்தால் போதும், வீட்டில் உள்ளதையெல்லாம் அள்ளிக்கொண்டு வெளியே ஓடவேண்டியதுதான். எனக்கு அந்தச் சுபாவம் பிறவியிலேயே உண்டு. மற்றப் பெண்கள் மெத்தையையும் தலையணையையும் காயப்போடுவார்கள். நான் ஒரு புத்தகத்தைக் காயப்போட்டேன். பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு விட்டவள் தினமும் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, தெருவில் எனக்குப் பெரிய படிப்பாளி என்று பெயர் வந்துவிட்டது. மறுத்துச் சொல்லும் அளவுக்கு எனக்கு மலாய் தெரியவில்லை.

அந்தப் புத்தகம் என் தம்பி தாணு கையால் வரைந்தது. தாணுவுக்கு நாகர்கோவிலில் வடசேரி பஸ் நிலையத்துப் பக்கம் போர்டு எழுதும் கடை. பஸ்ஸுக்கு ஊர்ப்பெயர், மருந்துக் கடைக்குப் பெயர்ப்பலகை, கல்யாண வீட்டுக்கு நல்வரவு, எல்லாம் அவன் தூரிகைதான். மலையாளத்திலும் தமிழிலும் எழுதுவான். எழுதி முடித்து மிச்சமிருக்கும் சாயத்தில் பழைய சித்திரகவிகளுக்குப் படம் போடுவான். சித்திரகவி என்றால் பயந்துவிட வேண்டாம், நானே பயப்படவில்லை. முன்காலத்துப் புலவர்கள் பாட்டின் எழுத்துகளைப் பாம்பு மாதிரி, தேர் மாதிரி, தாமரை மாதிரி அடுக்கிக் காட்டிய வித்தை அது. பாம்புப் பாட்டில் தலையில் தொடங்கி உடம்பு வளைகிற வழியே வால்வரை படித்துக்கொண்டு போகவேண்டும். உடம்பு தன்னைத்தானே குறுக்கே வெட்டுகிற இடத்தில் ஒரே எழுத்து இருக்கும். போகும்போதும் அதைத்தான் படிக்கவேண்டும், சுற்றிவிட்டுத் திரும்பும்போதும் அதைத்தான் படிக்கவேண்டும். பழைய புத்தகங்களில் இதைக் கட்டம் கட்டமாக அச்சடித்து வைத்திருப்பார்கள். பார்த்தால் பாம்பு என்று பாம்புக்கே தெரியாது.

நாங்கள் சின்ன வயதில் அதை முதலில் பார்த்தது நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் தாழக்குடியில், பொட்டுக்கடலை மடித்துவந்த தாளில். கட்டங்களைக் கண்டதும் தாயக்கட்டம் என்று நினைத்துவிட்டோம். தாளைத் தரையில் விரித்து நாலு மூலைக்கும் கல் வைத்து, புளியமுத்தைக் காயாக நகர்த்தி ஆடினோம். நான் அப்போதுதான் எழுத்துக்கூட்டப் பழகியிருந்தேன். காய் போய் உட்காருகிற கட்டத்து எழுத்தைச் சத்தமாகச் சொல்லவேண்டும் என்பது நான் போட்ட சட்டம். விளையாட்டு பாதி தாண்டியதும் தாணு காயைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான்.

“அக்கா, இது வெளையாட்டு இல்ல, பாட்டு!”

“பாட்டா? அப்பம் யாரு ஜெயிச்சா?” என்றேன்.

அந்தக் கேள்விக்கு அவன் இன்றுவரை பதில் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்கு ஒன்று நடந்தது. மற்றப் புத்தகத்தில் வரிக்கு வரி தாவும்போது என் கண் வழி தவறி மேல்வரிக்கோ கீழ்வரிக்கோ போய்விடும். வாத்தியார் பிரம்பால் மேஜையைத் தட்டுவார். பாம்பின் முதுகில் விரலை வைத்தால் மட்டும் வழி தவறாது. அது என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வாலில் இறக்கிவிடும். பிறகு நான் வயதுக்கு வந்தேன், பள்ளிக்கூடம் நின்றது. தாணு தொடர்ந்து படித்தான், பிறகு தூரிகை பிடித்தான்.

அவன் செய்தது என்னவென்றால், கட்டத்தையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டு உண்மையான படமாகவே போட்டுவிட்டான். சுசீந்திரம் தேர் போல ஒரு தேர், அதன் தட்டுக்குத் தட்டு எழுத்து ஏறி இறங்கும். முரசின் வார்களில் எழுத்து ஓடும். தாமரைக்கு நடுவில் இருக்கிற ஒரே எழுத்தில்தான் எல்லா இதழும் வந்து முடியும், அதன்மேல் ஒரு வண்டு உட்கார்ந்து விரல் வைக்க இடம் காட்டும். முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றாகவே வருகிற பாட்டுக்கு ஒரு பஸ் வரைந்திருந்தான். அஞ்சுகிராமத்துக்குப் போகிற பஸ், திரும்பி வருகிற பஸ், இரண்டிலும் ஜன்னலோரம் அதே ஆட்கள். ஒரே ஒரு ஆள் மட்டும் வரும்போது தலைக்கு எண்ணெய் தேய்த்திருந்தான். எல்லாவற்றிலும் பெரிய படம் பாம்பு. செதிலுக்கு ஒரு எழுத்து. பத்தி விரித்துப் படம் எடுத்து நிற்கிற தலை, அதன்கீழ் கழுத்தில் முதல் குறுக்கு வெட்டு.

இதை அச்சுப்போட நம் பக்கத்தில் ஆள் கிடைக்கவில்லை. பினாங்கில் தமிழ்ப் புத்தகக்கடை வைத்திருக்கிற ஒரு ராவுத்தர் படப்புத்தகம் அச்சடிக்கிறார் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். நான் கப்பலுக்குக் கிளம்பும்போது தாணு அதைச் செய்தித்தாளில் சுற்றி என் பெட்டியில் சேலைகளுக்கு நடுவே வைத்தான்.

“அக்கா, இது ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, கேட்டியா? ராவுத்தருக்குப் பிடிச்சா புஸ்தகம். பிடிக்கலேன்னா உன் பெட்டியிலேயே கெடக்கட்டும். நான் இன்னொருக்கா வரைய மாட்டேன். கையி அலுத்துப் போச்சு.”

இப்படி ஒரு வார்த்தையை என்னைப் போன்றவளிடம் சொல்லி அனுப்பலாமா? கப்பலில் எல்லோரும் வாந்தி எடுத்தார்கள். நான் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்ததால் எனக்கு வாந்தி எடுக்கக்கூட ஒழியவில்லை. பினாங்கில் இறங்கி விசாரித்தால், ராவுத்தர் நாங்கள் வந்ததற்கு முந்தைய கப்பலில் ஊருக்குப் போயிருந்தார். தீபாவளி கழித்துத்தான் வருவாராம். அதுவரை புத்தகமும் நானும் பூஞ்சணமும்.

நாங்கள் குடியிருப்பது வரிசையாகக் கடைகள் உள்ள தெருவில், ஒரு சீன அம்மாளின் மாடிக்குக் கீழே. இங்கே கடைகளின் முன்னால் ஐந்தடி அகலத்துக்குக் கூரை போட்ட நடைபாதை விட்டிருக்கிறார்கள். நம்மவர்கள் அதை அஞ்சடி என்கிறார்கள். காலை வெயில் அதன் விளிம்பில் மட்டும் ஒரு கோலம் போல விழும். அங்கே முக்காலி போட்டுப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகத் திருப்பி வைப்பேன். ஒருநாள் பாம்புப் பக்கம் காய்ந்துகொண்டிருந்தபோது வீட்டுக்கார அம்மாள் இறங்கி வந்தாள். அவளை எல்லோரும் ஆ சிம் என்பார்கள். குனிந்து படத்தைப் பார்த்தாள். “ஊலார்!” என்றாள். மலாயில் பாம்பு. அது எனக்குத் தெரியும், வந்து இறங்கியதும் நான் கேட்டுத் தெரிந்துகொண்ட முதல் சொல்லே அதுதான். பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, என் கண்ணைப் பார்த்து, நிதானமாகச் சொன்னாள்: “சாயா ஊலார்.”

நான் பாம்பு.

நான் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டேன். என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்ததும் வேறு வீடு பார்க்கச் சொன்னேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சீனர்கள் பிறந்த வருஷத்துக்கு ஒரு மிருகம் உண்டாம், ஆ சிம் பாம்பு வருஷத்தில் பிறந்தவளாம், அதைத்தான் உறவாகச் சொல்லியிருக்கிறாள். மறுநாள் நான் வெட்கத்தோடு என் நெஞ்சைத் தொட்டு “நாகர்கோவில்” என்றேன். அது என்ன மிருகம் என்று அவள் யோசித்துக்கொண்டே மாடி ஏறினாள்.

ஆவணி பிறந்தது. நம் ஊரில் ஆவணி ஞாயிற்றுக்கிழமை என்றால் நாகராஜா கோயிலில் கால் வைக்க இடம் இருக்காது. மரத்தடியில் இருக்கிற கல் நாகங்களுக்குப் பெண்கள் பால் ஊற்றி மஞ்சள் தேய்த்துத் தேய்த்து, மத்தியானத்துக்குள் கல் எது மஞ்சள் எது என்று தெரியாமல் ஆகிவிடும். இங்கே நம் பெண்களுக்கு அதற்கு வழியில்லை. தீவின் அந்தக் கடைசியில் ஒரு சீனக் கோயில் இருக்கிறது. அதில் உயிருள்ள பாம்புகள் மரக்கிளைகளில் சும்மா சுற்றிக்கொண்டு கிடக்கின்றன. சனங்கள் முட்டை வைத்துக் கும்பிடுகிறார்கள். நான் ஒருமுறை போய், சேலையைக் கணுக்கால் வரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கூரையையே பார்த்தபடி வலம் வந்தேன். கூரையிலும் ஒன்று கிடந்தது.

அந்த ஆவணி ஞாயிறு அஞ்சுகிராமத்து பகவதி மைனி அந்தக் கோயிலுக்குக் கிளம்பினாள். மைனி என்று கூப்பிட்டாலும் அண்ணன் பெண்டாட்டி இல்லை, எங்களுக்கு ரத்த உறவே இல்லை. அவள் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை, எங்களுக்கு மூன்றாம் வீடு, ஊர்ப்பக்கம் என்பதால் மைனி. சொம்பில் பால், சம்புடத்தில் குழைத்த மஞ்சள், கூட இரண்டு பெண்கள். போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டார்கள். நான் அஞ்சடியில் புத்தகத்தைக் காயவைத்துக்கொண்டிருந்தேன்.

“என்ன மைனி, பாலு அப்படியே இருக்கு?”

“பின்னே? உயிரோட கெடக்க பாம்புக்கு மஞ்சளு எப்படிட்டி தேய்க்கது? தலையிலே கைய வைக்கப் போனேன், அது திரும்பி, யாரு நீன்னு கேக்குத மாதிரி ஒரு பார்வை பாத்துது பாரு. எனக்குச் சீவன் போய்ட்டு.”

“அப்பம் நேர்ச்சை?”

“அதாம்ட்டி யோசிக்கேன். மகளுக்குக் குளிரு காய்ச்சல் வந்தப்பம் நேந்தது. கடல் தாண்டினா நேர்ச்சை தள்ளிப்போவுமா?”

உள்ளே உலை பொங்குகிற சத்தம் கேட்டது. நான் எழுந்து போனேன். அரிசியைக் கிளறி, தீயைக் குறைத்து, கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? அந்த நேரம் போதுமாக இருந்தது.

வெளியே வந்தபோது மூன்று பெண்களும் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்கள். தாணுவின் பாம்பு தலையிலிருந்து கழுத்துவரை மஞ்சளாக இருந்தது. முதுகு நெடுக ஒரு விரல் பால் தெளித்திருந்தார்கள். வாலில் ஒரு செம்பருத்தி. மாடியிலிருந்து இறங்கிவந்த ஆ சிம், தன் பங்குக்கு ஒரு ஆரஞ்சுப் பழத்தைத் தேர் இருந்த பக்கத்தின்மேல் வைத்துவிட்டு ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தாள்.

“மைனீ! என்ன காரியம் செய்துபோட்டியோ!”

மைனி ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். “சத்தம் போடாதட்டி. சாமி கும்பிடுதது தெரியலியா?”

“அது சாமி இல்ல மைனி, பாட்டு! என் தம்பி வரைஞ்ச பாட்டு!”

“பாட்டா? இதுக்குப் படமெடுத்த பத்தி இருக்கு, உடம்பு இருக்கு, வாலு இருக்கு. பாட்டுக்கு எங்க வாலு?” மைனி கூட வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தாள். “இவளுக்கு எப்பவும் வெப்ராளம்தான், எதுக்கெடுத்தாலும் பதறுவா. பாம்பெ வரைஞ்சு ஆவணி ஞாயித்துக்கெழமை வாசல்லே வச்சுப்போட்டு, கும்பிடாதேன்னா என்ன நியாயம்?”

எனக்கு அழுகை வந்தது. ஆ சிம் என் முதுகைத் தடவி, “பாகுஸ், பாகுஸ்” என்றாள். நல்லது, நல்லது. பக்தியில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

என் வீட்டுக்காரர் வந்து பார்த்தார். என்னைப் போலக் கத்தவில்லை, தைரியமாக வேலையில் இறங்கினார். கிட்டங்கியில் சரக்கு மூட்டைகளுக்கு நடுவே வேலை செய்கிற மனிதருக்கு எந்தக் கறை என்றாலும் சோப்புதான் தெரியும். நான் தடுப்பதற்குள் ஈரச் சோப்புத் துணியால் மஞ்சளின் ஓரத்தை ஒற்றிவிட்டார். ஆரத்தி கரைத்த எந்தப் பெண்ணுக்கும் தெரியும், சுண்ணாம்பும் சோப்பும் மஞ்சளில் பட்டால் என்ன ஆகும் என்று. பாம்பின் பத்தி குங்குமச் சிவப்பாகப் பொங்கி வந்தது. அவர் துணியைக் கீழே போட்டுவிட்டு, “ரத்தம் மாதிரி இருக்கே” என்றார். கழுத்தில் முதல் குறுக்கு வெட்டில் இருந்த எழுத்து அந்தச் சிவப்புக்குள் முழுகிவிட்டது.

தீபாவளி வரும்வரை நான் சரியாகச் சாப்பிடவில்லை. ராவுத்தர் வரும் கப்பல் மூழ்கிவிடக்கூடாது என்று ஒரு கவலை, வந்துவிடக்கூடாதே என்று இன்னொரு கவலை. வந்துவிட்டார். நானும் என் வீட்டுக்காரரும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனோம்.

ராவுத்தர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு பக்கங்களைத் திருப்பினார். தேர் வந்தது, தலையாட்டினார். முரசு வந்தது, தலையாட்டினார். “நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. கெட்டிக்காரப் புள்ள. ஆனா காலண்டர்ல இதைவிடப் பளபளப்பா வருது. புள்ளைங்க ஒருதடவை பாத்துட்டு மூடிடுமே” என்றார். திருப்பித் தந்துவிடுவார் என்று நான் கையை நீட்டினேன். பாம்புப் பக்கத்தைத் திருப்பினார். தலையாட்டவில்லை. கண்ணாடியை இறக்கி மூக்கில் வைத்தார்.

“இதை எப்படிப் போட்டான்?”

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். நான் அவர் காலை மிதித்தேன்.

“எங்க ஊரு ஆத்தங்கரையில அரசமரத்துக்குக் கீழே இப்படித்தான் ஒரு கல்லு இருக்கும். பள்ளிக்கூடம் போற வழி. மஞ்சளும் செவப்பும் வழிஞ்சு காஞ்சு கிடக்கும்.” ராவுத்தரின் விரல் தானாகவே பாம்பின் முதுகில் போய்க்கொண்டிருந்தது. வால்வரை போய்த் திரும்பி வந்தது. “மத்ததெல்லாம் படம். இது மனுசன் புழங்குன எடம். நான் அடிக்கிறேன் தங்கச்சி. ஆனா ஒண்ணு, உங்க தம்பிகிட்ட சொல்லி மத்த பக்கத்தையும் இதே மாதிரி புழங்க வச்சுக் குடுக்கணும்.”

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் கேட்டார், “புழங்க வைக்கணும்னா என்ன செய்ய? பகவதி மைனியெ நாகர்கோவிலுக்கு அனுப்புவமா?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னொரு தடவை வரையமாட்டேன் என்று சொன்ன தம்பி, அவன் ஓவியத்தில் யாரோ மஞ்சள் தேய்த்த கதையை எப்படித் தாங்குவான்? அடுத்த வருஷம் ஊருக்குக் கப்பல் ஏறினேன். மறுபடியும் பெட்டிமேல் உட்கார்ந்தேன்.

வடசேரியில் தாணுவின் கடை அமளியாக இருந்தது. திருவிதாங்கூரை விட்டு நாம் மதராஸ் பக்கம் சேரப்போகிறோம் என்று ஊரெல்லாம் பேச்சு. போர்டையெல்லாம் மாற்றி எழுத ஆட்கள் வரிசையில் நின்றார்கள். ஏணியில் நின்றபடியே என்னைப் பார்த்தான்.

“என்னக்கா, மெலிஞ்சு போயிட்டே? பாம்பு கடிச்சுதா?”

“இல்லடே. நம்ம பாம்பெத்தான் ஒருத்தி...” புத்தகத்தை விரித்து நீட்டினேன். அவன் இறங்கி வந்து பார்த்தான். நான் மைனியைத் திட்டினேன், சோப்பைத் திட்டினேன், பினாங்கின் வெயிலைத் திட்டினேன். அவன் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. பக்கத்தை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தான்.

“இது எந்த ஊரு மஞ்சளு?”

“பினாங்குச் சந்தையிலே வாங்கினதா இருக்கும்.”

“அதான் வாசம் வேற.” சட்டென்று சிரிக்கத் தொடங்கினான். சாய டப்பா கையில் குலுங்கியது. “நான் ஒவ்வொரு செதிலா ராப்பகலா வரைஞ்சேன். பாம்புக்கு உசிரு வரணும்னு. உன் மைனி ஒரு வெரலு வச்சு முடிச்சுப்போட்டாளே அக்கா! அவகிட்டே நான் வேலைக்குச் சேரணும்.”

அதன்பிறகு அவன் செய்ததை ஊர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. தேர்ப் பக்கத்தைத் தூக்கிக்கொண்டு சுசீந்திரம் போய், தேர்ச் சக்கரத்து அச்சில் இருந்த கருப்பு மையை விரலால் எடுத்துப் பூசிக்கொண்டு வந்தான். முரசுப் பக்கத்தில், மேளம் அடிக்கிற ஒருவரைக் கெஞ்சி உள்ளங்கை ரேகை விழும்படி அடிக்க வைத்தான். அவர் காகிதத்தை அடிக்கத் தாளம் வரமாட்டேன் என்கிறது என்று கோபித்துக்கொண்டாராம். தாமரைப் பக்கத்தைக் குளத்துப் படியில் வைத்துத் தண்ணீர் தெளித்தான். பஸ் பக்கத்தை அஞ்சுகிராமம் பஸ்ஸில் நடத்துனரிடம் கொடுத்து ஒருநாள் முழுக்கப் போய்வர வைத்தான். அதில் வெற்றிலைக் கறை வந்தது. “அது தானா வந்ததாக்கும்” என்று பெருமைப்பட்டான்.

ஒன்றே ஒன்று நான் கேட்டேன். “கழுத்திலே மறைஞ்சு போன அந்த எழுத்தெ மட்டும் மறுபடி எழுதிரு தாணு. படிக்கவாளுக்கு வழி தெரியாதே.”

“எழுத மாட்டேன். மஞ்சளு தேச்ச கல்லிலே கண்ணு மூக்கு எங்கேன்னு யாரு தேடுதா? கும்பிட வாரவாளுக்குத் தெரியும். பிள்ளைக கண்டுபிடிக்கட்டும்.”

புத்தகம் அச்சாகி வந்துவிட்டது. இங்கே பினாங்கில் என் மடியில் ஒரு பிரதி இருக்கிறது. அச்சடித்த புத்தகம் நிறைய இருப்பதால் இனி நான் கவலைப்பட வேண்டியதில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனாலும் காலையில் அஞ்சடிக்கு எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன். ஆ சிம் பாம்புப் பக்கத்தை வெட்டிச் சட்டம் போட்டு, தன் முன்னோர்களின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாள். பகவதி மைனிக்கு ஒன்று கொடுத்தேன். பார்த்துவிட்டு, “மஞ்சளு ஏற்கெனவே தேச்சுத்தான் விக்கான். இனி என்னத்துக்கு நான் தேய்க்கணும்?” என்று திருப்பிக் கொடுக்கப் பார்த்தாள். பிறகு மகளுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

நாகர்கோவிலில் பிள்ளைகள் அந்தக் கறையைத் தொட்டு, இது நம்ம நாகராஜா கோயில் கல்தான் என்று அடித்துச் சொல்கிறார்களாம். பினாங்கில் எங்கள் தெருப் பிள்ளைகள், இது ஆ சிம் வீட்டுப் பாம்பு என்கிறார்கள். நான் என் விரலைப் பாம்பின் தலையில் வைக்கிறேன். கழுத்துக்கு வந்ததும் அங்கே எழுத்து இல்லை, சிவப்புதான் இருக்கிறது. அந்த எழுத்தை நானே வாய்க்குள் சொல்லிக்கொண்டு மேலே போகிறேன். உடம்பு ஒரு பெரிய சுற்றுச் சுற்றித் திரும்பி அதே இடத்துக்கு வருகிறது. அங்கே அப்போதும் எழுத்து இல்லை. மறுபடியும் நானேதான் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.